இரும்புக்கு வயதாகும், நீருக்கு ஆகாது

1855ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட ஒரு நீராவி என்ஜின், 88 ஆண்டுகள் ஓட்டமில்லாமல் நின்றபின், 1997 ஜூலை 18 அன்று மறுபடியும் தன் சொந்த பலத்தில் பிரதான ரயில் பாதையில் ஓடியது. அதன் பெயர் ஃபேரி குயின், எண் 22. அதற்கு உயிர் கொடுத்தவர்கள் சென்னை பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள். மனிதத் திறமையின் வெற்றி என்று இதைச் சொல்வார்கள். திறமைதான், அதில் எந்த ஐயமும் இல்லை. ஆனால் இந்த என்ஜினின் கதையை எப்போது எடுத்தாலும் என் மனதை நிறைப்பது வேறொன்று. அந்த 142 ஆண்டுகளில் இரும்பு துருவேறியது, தகடு மெலிந்தது. அதைச் செய்தவர்கள் மறைந்தார்கள், செய்த தொழிற்சாலை மூடப்பட்டது, வாங்கிய கம்பெனி போனது, அந்தக் கம்பெனிக்குப் பின்னால் நின்ற சாம்ராஜ்யமும் போனது. தண்ணீர் மட்டும் அன்றைக்கு எந்தச் சூட்டில் கொதித்ததோ இன்றைக்கும் அதே சூட்டில் கொதித்தது. ஆவி அதே மடங்கு விரிந்தது. படைத்தவன் நீரிலும் நெருப்பிலும் எழுதி வைத்த கணக்கில் ஓர் இம்மியும் மாறவில்லை. பெரம்பூர்க்காரர்கள் பழுது பார்த்தது இரும்பை. மற்றதைப் பழுது பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

அந்தக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பின்னோக்கிப் போனால் ஒரு காட்டில் போய் நிற்போம்.

ஃபேரி குயின் முதன்முதலில் வேலை பார்த்தது ஹவுராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே. ராணிகஞ்ச் இன்றைய மேற்கு வங்காளத்தில், தாமோதர் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இந்தியா இன்றிருக்கும் இடத்தில் இல்லை. தெற்கே வெகு தூரத்தில் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாகக் கிடந்தது. அந்தக் குளிர் பூமியின் சதுப்பு நிலங்களில் குளோசோப்டெரிஸ் என்ற மரம் காடு காடாக வளர்ந்தது. நாக்கு வடிவ இலை, நடுவே ஒரு தடித்த நரம்பு, இருபுறமும் வலை பின்னியதுபோல் மெல்லிய நரம்புகள். ராணிகஞ்ச் சுரங்கங்களில் நிலக்கரியை ஒட்டிக் கிடக்கும் களிமண் பாறையைப் பிளந்தால், அந்த இலைகள் இன்றும் அச்சு அசலாகப் பதிந்திருக்கக் காணலாம். விரலால் தடவினால் நடு நரம்பு தட்டுப்படும்.

இதே இலை உலகின் மறுகோடியிலும் கிடைத்தது. 1912இல் தென்துருவம் போய்த் திரும்பும் வழியில் கேப்டன் ஸ்காட்டும் தோழர்களும் உணவில்லாமல், உறைபனியில் சோர்ந்து நடந்தார்கள். அந்த நிலையிலும் பியர்ட்மோர் பனியாற்றருகே பொறுக்கிய ஏறத்தாழ 16 கிலோ கற்களை அவர்கள் தூக்கி எறியவில்லை. அவர்கள் இறந்து பல மாதங்களுக்குப் பிறகு, உடல்களோடு அந்தக் கற்களும் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் குளோசோப்டெரிஸ் இலைகள் இருந்தன. மனித வாடையே இல்லாத பனிக்கண்டத்தில், ராணிகஞ்ச் கரியில் கிடக்கும் அதே மரம்! கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாக இருந்தன என்பதற்கு அறிஞர்கள் காட்டும் சாட்சிகளில் இந்த இலையும் ஒன்று. ஒரு ரயில் என்ஜினின் வயிற்றுக்குள் போகும் கரிக்கட்டி, கண்டங்கள் பிரிந்த கதையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போகிறது.

அந்த மரங்கள் செய்த வேலை என்ன? காற்றிலிருந்த கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் எடுத்து, வெயிலைக் கொண்டு இரண்டையும் இணைத்துத் தங்கள் உடம்பாக்கிக்கொண்டன. சத்தமில்லை, புகையில்லை, சூளையில்லை. ஓர் இலையின் பச்சைக்குள் நடந்த வேலை அது. மரம் விழுந்தது. சதுப்பு நீர் அதை மூடியது. காற்றுப் புகாததால் அது முழுக்க மட்கவில்லை. அதன்மேல் மணலும் சேறும் படிந்தன. பாரம் அழுத்தியது, பூமியின் சூடு வாட்டியது, ஈரம் கசிந்து வெளியேறியது, கரி மிஞ்சியது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. இமயமலை எழுந்தபோதும், கங்கைச் சமவெளி உருவானபோதும் யாரும் அதைத் தொடவில்லை. இலை வாங்கிய வெயிலில் ஒரு பங்கு அதற்குள் காத்துக்கொண்டிருந்தது. அந்தக் கரி எரியும்போது வரும் வெளிச்சம் புதிதாக உண்டானதல்ல. 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மண்மேல் விழுந்த வெயில்தான் அது. இவ்வளவு காலத்துக்கு ஒரு பொருளைக் கெடாமல் வைத்துக் கொடுக்க மனிதன் கட்டிய எந்தக் களஞ்சியத்தால் முடியும்?

ராணிகஞ்சில் 1774லேயே ஆங்கிலேயர்கள் கரி தோண்டத் தொடங்கிவிட்டார்கள். 1836இல் அங்கிருந்த சுரங்கத்தை துவாரகநாத் தாகூர் வாங்கினார். கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் பாட்டனார்தான் இவர். கரி நிறைய இருந்தது. அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. தாமோதர் ஆற்றில் மழைக்காலத்தில் மட்டுமே படகு போகும். மற்ற மாதங்களில் கரி கரையிலேயே குவிந்து கிடக்கும். கிழக்கிந்திய ரயில்வே கம்பெனி முதல் பாதையை ராணிகஞ்ச் நோக்கிப் போட்டதற்கு இந்தக் கரியே முக்கியக் காரணம். 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவிலிருந்து ஹூக்ளிவரை முதல் ரயில் ஓடியது. 1855 பிப்ரவரியில் பாதை ராணிகஞ்சை எட்டியது. மொத்தம் ஏறத்தாழ 195 கிலோமீட்டர்.

அந்தத் தொடக்கம் சுலபமாக அமையவில்லை. முதல் பெட்டிகளைக் கொண்டு வந்த குட்வின் என்ற கப்பல் ஹூக்ளி முகத்துவாரத்தருகே மூழ்கியது. முதல் என்ஜினை ஏற்றிய கப்பல் தவறுதலாக ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டது. அதைத் திருப்பி வரவழைத்து, பெட்டிகளைக் கல்கத்தாவிலேயே கட்டி முடிப்பதற்குள் பம்பாய் முந்திக்கொண்டது. 1853 ஏப்ரலில் பம்பாய் தானே பாதையில் இந்தியாவின் முதல் பயணி ரயில் ஓடியபோது கல்கத்தா காத்துக்கொண்டிருந்தது.

1855இல் லீட்ஸிலிருந்து வந்து சேர்ந்த என்ஜின்களில் இரண்டு நம் கதைக்குரியவை. ஒன்று 22ஆம் எண், இன்னொன்று அதன் உடன்பிறப்பான 21ஆம் எண். இரண்டையும் செய்தது கிட்சன், தாம்சன் அண்ட் ஹெவிட்சன் கம்பெனி. சூயஸ் கால்வாய் அப்போது வெட்டப்படவில்லை. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் கப்பல் வரவேண்டும். கடலின் ஈரமும் உப்பும் தாண்டி அந்த இரும்பு கல்கத்தா வந்து இறங்கியது. என்ஜின் பெரியதல்ல. எடை ஏறத்தாழ 26 டன். முன்னும் பின்னும் இரண்டிரண்டு சிறு சக்கரங்கள், நடுவே ஓராள் உயரத்துக்கு இரண்டு பெரிய சக்கரங்கள். இழுப்பதெல்லாம் அந்த நடுச்சக்கரங்களே. இருபுறமும் வெளியே தெரியும்படி இரண்டு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 12 அங்குல விட்டம். தண்ணீர்த் தொட்டி அடிப்பக்கத்தில் சட்டங்களுக்கு நடுவே தொங்குகிறது, சுமார் 3,000 லிட்டர் கொள்ளும். பலம் 130 குதிரைத் திறன். இன்று தெருவில் போகும் பல கார்களுக்கு அதைவிட அதிகம். ஆனால் பல்லக்கிலும் மாட்டு வண்டியிலும் நாள்கணக்கில் போய்க்கொண்டிருந்த வழியை ஒரு பகல் பொழுதுக்குள் அடக்கியது அந்த 130தான்.

இப்போது பாய்லரின் உள்ளே போவோம். இந்தக் கட்டுரையில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இதுதான்.

பின்பக்கம் நெருப்புப் பெட்டி. அதிலிருந்து முன்பக்கப் புகைப்பெட்டிவரை நீளவாக்கில் பல குழாய்கள். குழாய்களுக்குள் நெருப்பின் சூடான வாயு ஓடும், குழாய்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். நெருப்பின் சூடு 1,200 டிகிரியைத் தாண்டும். அக்காலத்து ஆங்கிலேய என்ஜின்களில் நெருப்புப் பெட்டியின் உட்சுவர் செம்புத் தகடு. செம்பு 1,085 டிகிரியில் உருகிவிடும். அப்படியானால் அந்தச் சுவர் எப்படி நிற்கிறது? மறுபுறம் தண்ணீர் நிற்பதால் நிற்கிறது. ஒரு முகத்தை நெருப்பு தின்னப் பார்க்கிறது, மறு முகத்தில் தண்ணீர் அந்தச் சூட்டை அந்தந்த நொடியே வாங்கிக்கொண்டு போகிறது. தகடு உருகும் சூட்டுக்குப் போவதே இல்லை. உலோகத்தைக் காப்பது அதன் தடிமன் அல்ல, தண்ணீர். தண்ணீர் மட்டம் இறங்கி நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு வறண்டுவிட்டால், சில நிமிடங்களில் அது இளகிப் பிதுங்கிவிடும். பிறகு வெடிப்புதான். அதனாலேயே கூரைத் தகட்டில் ஓர் ஈய அடைப்பை வைத்திருப்பார்கள். தண்ணீர் விலகினால் ஈயம் முதலில் உருகும், அந்தத் துளை வழியே ஆவி பீறிட்டு நெருப்பின்மேல் பாய்ந்து டிரைவரை எச்சரிக்கும். ஈயம் சீக்கிரம் உருகும், செம்பு தாங்கும், நீர் குளிரவைக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்ட குணம் இங்கே ஒன்றுக்கொன்று காவலாக நிற்கிறது. மனிதன் அவற்றை ஓரிடத்தில் சேர்த்தான். குணங்களை அவன் உண்டாக்கவில்லை.

தண்ணீரின் குணங்களில் என்னை மலைக்க வைப்பது அது சூட்டை ஒளித்து வைக்கும் விதம். ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 பங்கு வெப்பம் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொதித்துவிட்ட அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க மேலும் 540 பங்கு வேண்டும். அந்த 540 பங்கும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது வெப்பமானி நகராது. 100லேயே நிற்கும். அவ்வளவு வெப்பமும் எங்கே போயிற்று? ஆவிக்குள் மறைந்து இருக்கிறது. இட்லிக் கொப்பரை மூடியைத் திறக்கும்போது கையில் அடிக்கும் ஆவி, கொதிநீர் பட்டதைவிட மோசமாகச் சுடுவதற்குக் காரணம் அதுவே. தோலில் பட்டு நீராக மாறும்போது, ஒளித்து வைத்ததையெல்லாம் அங்கேயே இறக்கிவிடுகிறது. 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் இந்த மறை வெப்பத்தை அளந்து காட்டினார். அவருடைய நண்பர்தான் ஜேம்ஸ் வாட்.

காரணம் நீரின் அமைப்பில் இருக்கிறது. ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன், நேர்க்கோட்டில் இல்லாமல் சற்றே வளைந்து. அந்த வளைவினால் ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடியை அவிழ்க்கத்தான் அவ்வளவு வெப்பம் செலவாகிறது. பிடி அவிழ்ந்துவிட்டால் நீர் பெருவெளி கேட்கிறது. திறந்த காற்றில் ஒரு லிட்டர் தண்ணீர் 1,600 லிட்டருக்கும் மேல் ஆவியாக விரியும். மூடிய பாய்லரில் விரிய இடமில்லாததால் அந்த ஆசை அழுத்தமாக நிற்கிறது. அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறும். வெளிக்காற்றைப் போல் பத்து மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 180 டிகிரி வேண்டும். டிரைவர் ரெகுலேட்டரைத் திறந்ததும் ஆவி சிலிண்டருக்குப் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. விரிய வேண்டும் என்ற நீரின் ஒரே விருப்பம் 26 டன் இரும்பையும் அதன் பின்னால் பெட்டிகளையும் அசைத்துவிடுகிறது.

இதே குணம்தான் அந்த நெருப்பின் முன்னால் நிற்கும் ஃபயர்மேனையும் காப்பாற்றுகிறது. திறந்த நெருப்புப் பெட்டிக்கு எதிரே நின்று கரி அள்ளிப் போடும் மனிதனின் உடம்பிலிருந்து வேர்வை ஊற்றுகிறது. அது ஆவியாகும்போது அவன் தோலிலிருந்து ஏறத்தாழ அதே கணக்கில் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நீர் சூட்டை இவ்வளவு தாராளமாக வாங்காதிருந்தால் பாய்லர் உருகியிருக்கும், மனிதனும் சுருண்டு விழுந்திருப்பான். கோடையில் நம் ஏரி குளங்கள் ஒரே வாரத்தில் வற்றாமல் இருப்பதும் இதனால்தான். ஏரிக்கு ஒரு விதி, என்ஜினுக்கு ஒரு விதி, மனிதனுக்கு ஒரு விதி என்று படைத்தவன் தனித்தனியே எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை முடித்த ஆவியை வீணே வெளியே விடாமல், புகைபோக்கிக்கு நேர் கீழே ஒரு குழாய் வழியாக மேல்நோக்கிப் பாய்ச்சுவார்கள். அந்த வேகம் புகைப்பெட்டியின் காற்றை இழுத்துக்கொண்டு போகும். உடனே நெருப்புப் பெட்டிக்கு அடியிலிருந்து புதுக்காற்று கரிக்குள் ஏறும். என்ஜின் எவ்வளவு பாடுபடுகிறதோ அவ்வளவு ஆவி வெளியேறும், அவ்வளவு காற்று உள்ளே வரும், அவ்வளவு நெருப்பு எரியும். ஏற்றத்தில் தானே கனல் கூடும், இறக்கத்தில் தானே தணியும். நாம் ரயிலின் ஓசை என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் காட்டும் அந்தக் 'குப் குப்' இந்த மூச்சுதான். பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு மூச்சு. ஓடும்போது நம் மூச்சு தானே வேகமாவது எப்படி என்று நாம் யோசிப்பதே இல்லை. அதைப் போன்ற ஒன்றை இரும்பில் செய்து பார்த்த பிறகுதான் அதன் அருமை தெரிகிறது.

நீராவி என்ஜின் அருகே நிற்க வாய்ப்புக் கிடைத்தால் சேஃப்டி வால்வைக் கவனியுங்கள். அழுத்தம் மிஞ்சியதும் அது சீறிக்கொண்டு திறக்கும். வால்வின் வாயிலிருந்து கொஞ்ச தூரத்துக்கு ஒன்றுமே தெரியாது, பின்னாலிருக்கும் மரமும் வானமும் லேசாக நெளிந்து தெரியும். அதற்கு மேலேதான் வெள்ளைப் புகை தொடங்கும். உண்மையான ஆவி அந்த ஒன்றுமே தெரியாத இடத்தில் இருக்கிறது. வெண்மையாகத் தெரிவது, காற்றுப் பட்டுக் குளிர்ந்து மறுபடி துளியாகிவிட்ட நீர். வண்டியை இழுப்பது கண்ணுக்குத் தெரியாதது. தெரிவதெல்லாம் வேலையை முடித்துவிட்டு வீடு திரும்பும் மேகம்.

இத்தனைக்கும் நடுவே இந்த என்ஜின்களின் சிக்கனம் மிகக் குறைவு. கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் இழுவையாக மாறும், மீதியில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். மேடு ஏறும் ஒரு காளையின் தசை, தின்ற புல்லில் கிடைத்த சக்தியில் நூற்றுக்கு இருபதுக்குக் குறையாமல் வேலையாக மாற்றுகிறது. அதுவும் நெருப்பில்லாமல், பாய்லர் இல்லாமல், நாம் தொட்டுத் தடவக்கூடிய இளஞ்சூட்டில். இந்த ஒப்பீட்டை நினைக்கும்போது லீட்ஸ் பொறியாளர்கள்மேல் எனக்கு மதிப்புக் குறைவதில்லை. காளையைப் படைத்தவன்மேல் மலைப்புக் கூடுகிறது. காடுகள் யுகயுகமாகச் சேர்த்ததை நாம் இருநூறு வருடங்களில் கொளுத்திக் காற்றில் கலந்துவிட்டோம் என்ற வருத்தமும் அதோடு சேர்ந்தே வருகிறது.

ஃபேரி குயின் வேலை பார்த்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹவுரா, ராணிகஞ்ச் பாதையில் தபால் வண்டிகளை இழுத்தது. 1857 கிளர்ச்சியின்போது படைகளை ராணிகஞ்ச்வரை ஏற்றிச் சென்றது. பிறகு பீகாரில் புதிய பாதை போடும் வேலைக்கு அனுப்பப்பட்டது. 1909இல் ஓய்வு. அரை நூற்றாண்டுக்கும் மேலான உழைப்பு. அதன்பின் ஹவுரா நிலையத்துக்கு வெளியே ஒரு மேடையில் ஏற்றி வைத்தார்கள். 1943வரை வங்காளத்து மழையும் வெயிலும் அதன்மேல் விழுந்தன. பிறகு உத்தரப் பிரதேசத்தில் சந்தௌசி ரயில்வே பயிற்சிப் பள்ளிக்குப் போனது. 1972இல் அது பாதுகாக்க வேண்டிய தேசியச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. சித்தரஞ்சன் தொழிற்சாலையில் நீராவி என்ஜின் தயாரிப்பு நின்றதும் அதே ஆண்டில்தான். பின்பு டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது.

துருவைப் பற்றி ஒரு வார்த்தை. துரு என்றால் நாசம் என்றுதான் நினைக்கிறோம். இரும்பு மண்ணில் பெரும்பாலும் ஆக்சிஜனோடு சேர்ந்த தாதுவாகவே கிடைக்கிறது. கரியின் நெருப்பில் அதை ஆக்சிஜனிடமிருந்து பிரித்துத்தான் நாம் இரும்பாக்குகிறோம். ஈரமும் காற்றும் கிடைத்தால் அது மறுபடி ஆக்சிஜனோடு சேர்ந்துவிடப் பார்க்கும். மேடைமேல் நின்ற அந்த என்ஜின் அத்தனை ஆண்டுகளும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பழுது பார்ப்பவர்கள் செய்வது அந்தத் திரும்புதலைத் தடுத்து நிறுத்துவது.

இந்தியாவின் அகலப் பாதையில் வழக்கமான சேவையில் கடைசி நீராவி ரயில் ஓடியது 1995 டிசம்பரில். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஃபேரி குயின் பெரம்பூரில் உயிர் பெற்றது. பெரம்பூர்ப் பட்டறைக்கும் அந்த என்ஜினுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் ஓடிய 1856ஆம் ஆண்டில்தான் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் அந்தப் பட்டறையும் தொடங்கியது. இன்னும் ஒரு தலைமுறை தாமதித்திருந்தால், ஆவி என்ஜினைக் கையால் தொட்டு அறிந்தவர்களே பட்டறையில் இருந்திருக்க மாட்டார்கள். இத்தகைய என்ஜினுக்கு உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. தேய்ந்ததை அளந்து, தேயுமுன் எப்படி இருந்திருக்கும் என்று கணித்து, மர அச்சு செய்து, வார்த்து, கடைந்து, ராவிப் பொருத்த வேண்டும். ஃபிட்டரின் விரல் நுனி அறியும் நுட்பத்தை எந்த வரைபடமும் சொல்லிவிட முடியாது. அந்த விரலும் ஒரு படைப்பின் அதிசயம்தானே.

பாய்லரைச் சோதிக்கும் முறையைக் கேட்டால் மறுபடி நீரின் முன்னால்தான் வந்து நிற்போம். முதலில் ஆவியால் சோதிக்க மாட்டார்கள். பாய்லர் முழுக்கப் பச்சைத் தண்ணீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமாக அழுத்திப் பார்ப்பார்கள். பச்சைத் தண்ணீர் அழுத்தினால் சுருங்குவது மிக மிகக் கொஞ்சம். அதனால் எங்காவது தகடு விட்டுக்கொடுத்தால் ஒரு கசிவோடு அழுத்தம் இறங்கிவிடும், யாருக்கும் ஆபத்தில்லை. அதே தண்ணீர் 180 டிகிரியில் இருக்கும்போது தகடு கிழிந்தால் ஒரு கட்டடமே போகும். ஒரே பொருள், ஒரே பாத்திரம். குளிர்ந்திருந்தால் சோதனையாளன், சூடேறினால் உழைப்பாளி, அவமதித்தால் யமன்.

சோதனை தேறியபின் நெருப்பு மூட்டுவார்கள். அதற்கு அவசரம் ஆகாது. மணிக்கணக்காக மெதுவாகச் சூடேற்ற வேண்டும். இரும்பும் செம்பும் ஒரே அளவில் விரிவதில்லை. அவசரப்படுத்தினால் இணைப்புகள் விட்டுவிடும். முதலில் விறகு, பிறகு கரி. வெகுநேரம் எதுவும் நடக்காது. பிறகு உள்ளே எங்கோ முணுமுணுப்பு கேட்கும். சிலிண்டர் அடியிலிருந்து துளித்துளியாக நீர் சொட்டும். அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் ஒட்டியிருந்த இடத்தை விட்டு மயிரிழை நகரும். 88 ஆண்டுகளாக நின்றிருந்த ஓர் என்ஜினில் அந்த முள் நகர்வதைப் பார்த்தவர்கள் பாக்கியவான்கள்.

1997ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே ஃபேரி குயின் டெல்லிக்கும் ராஜஸ்தானத்து ஆல்வாருக்கும் இடையே பயணிகளோடு ஓடத் தொடங்கியது. வழக்கமாக ஓடும் உலகின் மிகப் பழைய நீராவி என்ஜின் என்று 1998இல் கின்னஸ் புத்தகத்திலும் இடம் பெற்றது. பயணிகள் ஆல்வாரிலிருந்து சரிஸ்கா புலிகள் சரணாலயத்துக்குப் போய் வருவார்கள். 2010இல் பெரம்பூர் அதன் உடன்பிறப்பையும் எழுப்பியது. 21ஆம் எண், பெயர் எக்ஸ்பிரஸ். அதுவும் 1909இல் ஓய்வு பெற்று, ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப்பொருளாக நூறாண்டு கழித்தது. 2010 சுதந்திர தினத்தன்று அது சென்னையில் ஓடியது. இடையில் ஒரு சோகமும் உண்டு. 2011இல் ஃபேரி குயினின் உதிரிப்பாகங்களைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். மறுபடி பெரம்பூருக்கு வந்து, மறுபடி சீராகி, 2017 பிப்ரவரியில் டெல்லியிலிருந்து ஹரியானாவின் ரேவாரிவரை ஓடியது.

ரேவாரியில் 1893இல் கட்டிய நீராவி என்ஜின் ஷெட் இன்னும் உயிரோடு இருக்கிறது. டீசலும் மின்சாரமும் மட்டுமே அறிந்த தலைமுறைக்கு நீராவி என்ஜினை ஓட்டும் வேலை முழுக்கப் புதிது. கனலின் நிறம் பார்த்துச் சூட்டைச் சொல்ல வேண்டும், கரியை எந்த மூலையில் எவ்வளவு போடுவது என்று தெரிய வேண்டும், கிட்டம் கட்டுமுன் கிளறிவிட வேண்டும். நீராவி என்ஜின் எங்கே ஓடினாலும், ஆட்கள் மேலே ஏறியதும் எதையும் தொடுமுன் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பாய்லரின் முகப்பில் நெட்டாக நிற்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து, குழாயடைப்பைத் திறந்து மூடி, மட்டம் இறங்கி ஏறுவதைக் கண்ணால் கண்ட பிறகே நெருப்பின் பக்கம் திரும்புவார்கள். 1855இல் ஹவுராவில் இந்த என்ஜினில் ஏறியவர்களும் தண்ணீரைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள்.